விசிலண்ணன் விழுங்கிய பெனால்ட்டி

மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தேடிப் பாருங்கள், வயிற்றால் விசில் அடித்த மனிதர் ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் விசிலண்ணன்.

உதைபந்தாட்ட மத்தியஸ்தர். மைதானத்துக்கு வெளியிலும் விசிலை வாயிலிருந்து எடுக்கமாட்டார். தேத்தண்ணீர் குடிக்கும்போது கடைவாய்க்கு ஒதுக்கிக்கொள்வார். கலியாணப் பந்தியில் முந்திப் போய் உட்கார்ந்த மாப்பிள்ளையின் தகப்பனுக்கே ஊதியவர்.

போன வருடம் செட்டிபாளையத்தில் இறுதி ஆட்டம். எங்களுக்கும் ஏறாவூர்க்காரருக்கும். நான் கோல் காப்பாளர். முடியப்போகும் நேரம்வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் பையன் ஒருவன், கோலுக்கு முன்னால் எதிரணிக்காரனின் காலைத் தட்டிவிட்டான். விசிலண்ணன் ஊதுவதற்கு மூச்சை இழுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ உதைத்த பந்து அவர் முகத்தில் மோத, விசில் உள்ளே போய்விட்டது.

மைதானமே வாயைப் பிளந்தது. அண்ணன் ஒரு ஏப்பம் விட்டார்.

"பீப்!"

"பெனால்ட்டி!" என்று துள்ளினார் ஏறாவூர்த் தலைவர்.

"ஏப்பத்துக்கெல்லாம் பெனால்ட்டியா?" என்று பாய்ந்தார் எங்கள் தலைவர்.

பதில் சொல்ல அண்ணன் வாய் திறந்தார். மறுபடியும் பீப்.

இரண்டு அணியும் ஒரே வான் வண்டியில் ஏறி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பள்ளத்தில் வண்டி விழுந்தபோதெல்லாம் அண்ணன் ஊதினார். பொலிஸ் என்று நினைத்து மோட்டார்சைக்கிள்காரர்கள் ஓரம்கட்டினார்கள்.

டொக்டர் சிரிக்கவில்லை. விசில் உணவுக்குழாயில் சிக்கியிருக்கிறது, கமரா வைத்த குழாயை வாய்வழியாக விட்டு உடனே எடுக்கவேண்டும் என்றார்.

அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டார். "நான் பாதிதான் ஊதின, டொக்டர். மிச்சத்த ஊதாம எடுக்க ஏலா."

"உணவுக்குழாய் கிழிஞ்சா மறுகா எதால ஊதுவீங்க ஐயா?"

அண்ணன் உடனே வாயைத் திறந்தார்.

அண்ணனை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். ஏறாவூர்த் தலைவர் கண்ணைத் துடைத்தார். "எங்களுக்குப் பெனால்ட்டியே வேணாம் தம்பி. மனிசன் வந்தாப் போதும்."

"அதெப்படி வேணாம்? ரெண்டு அடிங்க காக்கா!" என்று, மூத்த சகோதரரை அழைப்பதுபோல அழைத்துக் கெஞ்சினார் எங்கள் தலைவர்.

"ஒண்டும் வேணாங்கிறன்!"

விட்டுக்கொடுப்பதற்கு அடிதடி தொடங்கியது. தாதி வந்து எல்லோரையும் அதட்டி உட்காரவைத்தார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. முதலில் தட்டில் விசில் வந்தது. பிறகு தள்ளுவண்டியில் அண்ணன். தொண்டை புண்ணாகிப் பேச்சு வரவில்லை. எங்களைக் கண்டதும் கையை நீட்டி, பெனால்ட்டி என்று காட்டினார். இரண்டு தலைவர்களும் தலையாட்டினார்கள்.

அவர் குணமானதும், அந்த ஒரு பெனால்ட்டிக்காக இரு அணியும் திரும்பக் கூடினோம். அண்ணன் ஊதினார். பந்து இடப்பக்கம் போனது, நான் வலப்பக்கம் பாய்ந்தேன். தோற்றோம். விசில் சத்தம் அவர் வாயிலிருந்து வந்ததே, எனக்கு அந்தச் சந்தோசம் போதும்.