கண்ணை மூடினாலும் ஓடும்

"நான் கண்ணை மூடினாலும் இது ஓடும், பிள்ளை. மூண்டு ஊரிலை மூளை வைச்சிருக்கிறன்."

2006இல், பூனாகலைக் கணினி அறையின் திறப்பு விழாவில், தலைமைப் பொறுப்பாளர் ஜெயரட்ணம் இப்படி முழங்கியபோது, கிளார்க் பாக்கியலெட்சுமி கையிலிருந்த சூடான பட்டிஸ் பலகாரம்கூட மரியாதையோடு ஆறியது.

வாசகரே, இவர் 'நானில்லாமலும் நடக்கும்' இனம். அலுவலகத்துக்கு ஒன்றாவது அகப்படும். அடையாளம் வேண்டுமா? இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் "எல்லாரும் பழகோணும்", கடவுச்சொல் அடிக்கும்போது இடக்கையால் ஒரு மறைப்பு.

தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் பதிவுகளைப் பதுளை, தெமோதரை, பூனாகலை என்று மூன்று ஊர்க் கணினிகள், தொலைபேசிக் கம்பி வழியே ஓயாமல் பேசிப் பேசி, ஆளுக்கொரு பிரதியாகக் காத்தன. ஒன்று விழுந்தால் அடுத்தது பொறுப்பேற்கும். என்ன ஏற்பாடு!

ஒரு புதன்கிழமை பதுளையில் இடி விழுந்தது. கணினி படுத்தது. அதே ஊரில் ஜெயரட்ணமும் படுத்திருந்தார், பல் வைத்தியர் ஹுமைத்தின் நாற்காலியில். வைத்தியர் போனை அவர் காதில் பிடித்தார். மறுமுனையில் பாக்கியலெட்சுமி.

"சார், பூனாகலை மெசின் பொறுப்பெடுக்க ரெடிங்க. ஒங்க பாஸ்வேர்ட் கேக்குது."

"ம்ம்." வாய் நிறையப் பஞ்சு.

"நாப்பத்து மூணு புள்ளைங்க அடையாள அட்டை லிஸ்டுங்க. பன்னெண்டு மணி பஸ்ஸுல போகலேன்னா சோதனை எழுத விடமாட்டாங்க. தெமோதரைல யாருக்காச்சும் தெரியுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். தலையாட்டல் கம்பியில் போகுமா?

மணி பதினொன்றே முக்கால். மருந்துச் சீட்டின் பின்புறத்தில், சொத்தை எழுதிக்கொடுப்பவர்போல, கடவுச்சொல்லை எழுதினார். வைத்தியர் நல்ல மனிதர். காத்திருந்த நோயாளிகள் அனைவருக்கும் கேட்கும்படி போனில் வாசித்தார்:

"ஜெயரட்ணம் நம்பர் வன்."

"அப்ப தெமோதரைக்கு நம்பர் டூங்களா சார்?"

"ம்ம்" என்றார் ஜெயரட்ணம். இது வேறு ம்ம்.

பட்டியல் பஸ் ஏறியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் அலுமாரிச் சாவி இருக்கும் இடம் வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் கடைவாய்ப் பல் இருக்கிறதல்லவா?

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு ஜெயரட்ணம் மூன்று ஊர்களுக்கும் போனார். கடைசியாகப் பூனாகலை.

"பாத்தீரே பிள்ளை, நான் இல்லாமலே ஓடினது."

"ஆமாங்க சார்."

கடவுச்சொல்லை மாற்றக் கணினியின் முன் உட்கார்ந்தார். இடக்கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் அங்காலை பாரும், பிள்ளை."