ஓலைக் கடிதத்தில் விழுந்த தேதி

சேசு மரி சூசை துணை

விவேக் நகர், பெங்களூரு

மதிப்பிற்குரிய சம்பந்தி எரிக் அவர்களுக்கு, மோனிகாவின் தகப்பன் கிறிஸ்டோபர் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம். கோலார் தங்கவயலில் தாங்களும் ஷோபா அம்மாளும் மாப்பிள்ளை ஜாய்சனும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். ஏழு வாரமாகத் தாங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம். கையால் எழுதுவதற்கும் காரணம் உண்டு.

நம் பிள்ளைகளின் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கச் சொல்லி, உங்கள் பங்குச் சாமியாருக்கு நான் அனுப்பிய கடிதத்தில் 2009 ஜனவரி ஒன்று என்று தேதி இருந்தது. மறுக்கவில்லை. அதைப் பார்த்த தங்கள் தங்கை கேரல், "பொண்ணுக்கு அப்பவே ஒரு இடம் பேசி நின்னு போயிருக்கு. மாப்ள பேர மட்டும் மாத்திட்டு அதே லெட்டர அனுப்பிட்டாங்க" என்றாராம். அதனால் தாங்கள் கல்யாணத்தையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். 2009இல் மோனிகாவுக்கு வயது பத்து. அந்த வருடம்தான் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கினாள். வெள்ளை கவுன் போட்டது உண்மை. அத்தாட்சிக்குப் படம் வைத்திருக்கிறேன். கேரல் அம்மையாரிடம் காட்ட வேண்டாம், பக்கத்தில் நிற்கும் பையன் யார் என்று கேட்பார்.

நடந்தது இதுதான். பொம்மசந்திரா ஃபாக்டரியில் இருபத்தொன்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான், மெயினை இறக்காமல் ஒருநாளும் ஷெட்டைப் பூட்டியதில்லை, ஓய்வு பெற்றபின் ஷெட் இல்லாததால் வீட்டு மெயினை இறக்குகிறேன், பூசைக்குப் போனாலும் சரி, கறிவேப்பிலைக்குப் போனாலும் சரி, ஃபிரிட்ஜில் இருக்கும் மீன்குழம்புக்கும் விலக்கில்லை. திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில், தனக்கு எதுவும் நினைவில்லை, எஃப் ஒன்றை அழுத்து என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். அழுத்துவேன். எழுந்து வேலை செய்யும், ஆனால் 2009க்குப் போயிருக்கும். எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு மெக்கானிக் வருவதா? வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், எர்த் சரியில்லை என்று வாசலில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டேன். வீட்டு ஓனர் வந்து, "யாரப் பொதைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். "ஒரு நாள் மெயின இறக்காம விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் என் மனைவி தமயந்தி. உனக்கு கரன்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அடக்கிவிட்டேன்.

அந்த நிலையில்தான் ஓலைக் கடிதத்தை அடித்தேன். தேதியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். பெயர்களை மூன்று முறை சரிபார்த்தேன். இன்றைய தேதிதான் எல்லோருக்கும் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

தங்கள் கோபம் தெரிந்த பிறகு, ரோஷத்தை விட்டுக் கம்ப்யூட்டர் கடை ஸ்ரீகண்டனைக் கூட்டிவந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தவர், "உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு சார். ஆனா கரன்ட் வந்துட்டே இருந்தா தேதிய மறக்காது. மெயின யாராச்சும் ஆஃப் பண்றாங்களா?" என்று கேட்டார்.

"சேஃப்டிக்கு" என்றேன்.

"ஹௌதா? அப்படியா?" என்றார். ஒரு ரூபாய்க் காசு அளவில் புது பேட்டரி ஒன்றை மாட்டினார். இரண்டு நிமிட வேலை. தமயந்தி அவருக்கு மட்டும் காபி கொடுத்தாள்.

சம்பந்தி, தப்பு என்னுடையது. என் பிடிவாதத்துக்கு என் பெண் தலைகுனியக் கூடாது. இந்த ஏழு வாரமாக அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஓலையை வாசிக்கத் தயவுசெய்து சம்மதம் சொல்லுங்கள். குழந்தை சேசுவின் ஆசீர் தங்கள் குடும்பத்தின் மீதும், கேரல் அம்மையாரின் நாவின் மீதும் தங்குவதாக.

இப்படிக்கு,
கிறிஸ்டோபர்

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் மோனிகா வாங்கிப் படித்தாள். "இத அனுப்பவே வேணாம்பா. நானும் ஜாய்சனும் நேத்து ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். கோயில் கல்யாணம் நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சதும் வெச்சுக்கலாம்" என்றாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி தமயந்தி. இன்னொருவர் யாரென்று தெரிய, நேற்று பெங்களூருக்கு எதற்கு வந்தார் என்று ஷோபா அம்மாளையே கேளுங்கள். கல்யாண நோட்டீஸ் முப்பது நாள் ரெஜிஸ்டர் ஆபீஸ் பலகையில் தொங்கியதாம், தேதியும் சரியாக இருந்ததாம். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். நம் இருவருக்கும் கெடு முடிந்துவிட்டது சம்பந்தி, இனியாவது போனை எடுங்கள்.