செக் டிரேயில் ஒரு கைப்பிடி

பெல்லட் என்பது சின்ன உருண்டைதான். ஆனால் அது நுழையாத தொழில் இல்லை. கோழிக்கும் மாட்டுக்கும் அது சாப்பாடு. பிளாஸ்டிக் குடம் குடமாவதற்கு முன்னால் பெல்லட்டாகத்தான் ஆலைக்கு வருகிறது. மரத்தூளை அமுக்கிப் பெல்லட்டாக்கி பாய்லரில் எரிக்கிறார்கள். ஏர்கன்னில் போட்டுச் சுடுகிறார்கள். (எங்கள் ஊர் ஆடுகள் மெஷினே இல்லாமல் தயாரிப்பதை நான் சேர்க்கவில்லை.) ஆனால் அதை வைத்து மனிதர்களை வரவழைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

டிப்ளமோ முடித்துத் திருவாடானையில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, என் தாய்மாமா உப்பூர்ப் பக்கம் இருந்த தன் இறால் பண்ணையைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார். ஒரு குளம், ஒரு தகரக் கொட்டகை, நான். தினம் நான்கு வேளை பெல்லட் வீச வேண்டும். அதில் ஒரு கைப்பிடியைச் செக் டிரே என்கிற வலைத்தட்டில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டு காலியென்றால் இறால் நலம். தீவனம் மிச்சமிருந்தால் நோயாக இருக்கலாம்.

இறால் நலமாகத்தான் இருந்தது. நான்தான் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சத்தம். பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இறாலிடமே பேசிப் பார்த்தேன். (பதில் சொல்லாத ஜென்மங்கள்.) மாமாவுக்குப் போன் போட்டு, "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மாமா" என்பேன். "வேலை கெடக்கு மாப்ள, அடுத்த வாரம் வாரேன்" என்பார்.

ஒருநாள் நிஜமாகவே தட்டில் கொஞ்சம் மிச்சமிருந்தது. போட்டோ எடுத்துத் தீவனக் கம்பெனிக்கு அனுப்பினேன். அரை மணியில் கம்பெனி டெக்னீஷியன் ஹபீப் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். வலை வீசிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி" என்றவர், டீ குடித்தபடி துபாயிலிருக்கும் தன் மச்சானைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்கு எனக்கு இரண்டு மடங்கு சோறு இறங்கியது.

அடுத்த வாரம் காலித் தட்டில் நானே ஒரு கைப்பிடி போட்டுப் போட்டோ எடுத்தேன். வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நான்காவது முறை அவர் சாயல்குடியில் இருந்ததால், படத்தை அப்படியே மாமாவுக்கு அனுப்பிவிட்டார்.

மாமா வந்தார். கூடவே வலை இழுக்க இருபது பேர், ஒரு ஐஸ் வண்டி. பக்கத்துப் பண்ணை நோயில் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். சாவதற்குள் பிடித்துவிடலாம் என்று, இன்னும் ஒரு மாதம் வளர வேண்டிய இறாலை அள்ள ஆரம்பித்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருத்தர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார், இன்னொருத்தர் வெற்றிலை நீட்டினார். நான் (வெட்கங்கெட்டவன்) சந்தோஷமாக இருந்தேன். பாதிக் குளம் காலியான பிறகுதான் ஹபீப் அண்ணன் வந்து சேர்ந்தார். ஒரு இறாலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! குடல் நெறயத் தீவனம் கெடக்கு. இதுக்கா நோய்ங்கிறிய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உளறிக் கொட்டிவிட்டேன்.

"ஏலே, தொணைக்கு ஆள் வேணும்னா வாங்க மாமான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று மாமா கத்தினார்.

"அஞ்சு தடவ சொன்னேன் மாமா."

மிச்ச இறால் வளரும்வரை ஒரு மாதம் அவரும் கொட்டகையிலேயே தங்கினார். தினமும் திட்டினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது கோயம்புத்தூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். காய்ச்சல் என்று போன் செய்தால் மாமா கேட்கிற முதல் கேள்வி, "நெசமாவே காய்ச்சலா மாப்ள, இல்ல தட்டுல ஒரு கைப்பிடி போட்டியா?" பின்னால் குடும்பமே சிரிப்பது கேட்கும். "நெசமாத்தான் மாமா, நீங்க வர வேணாம்" என்பேன். அவர் நம்பாமல் மறுநாளே பஸ் ஏறி வந்துவிடுவார்.

உண்மையைச் சொன்னால், பாதித் தடவை எனக்குக் காய்ச்சல் இருந்ததில்லை.