கைப்பிடி குறித்த ஆறாவது அறிக்கை

மூன்றாம் நாளும் கைப்பிடி ஆடியது.

"திரும்பவும் ஆடுதுங்க," என்றாள் மனைவி. சமையலறை அலமாரிக் கதவின் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தும் காட்டினாள்.

காலை நடை முடிந்து அப்போதுதான் அவர் வீட்டுக்குள் நுழைந்திருந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். மேல் ஸ்க்ரூ இரண்டு சுற்று வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் முறுக்கினேனே."

"முறுக்கினீங்க. நான்தானே டார்ச் பிடிச்சேன்."

"அப்புறம் எப்படிக் கழலும்?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான் இதையெல்லாம் பார்த்தவரு."

அதில் சந்தேகமில்லை. தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரம் பார்த்தவர் அவர். அங்கே அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். ஒரு பம்பைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை முதலாளியாலும் அழிக்க முடியாது. அவர் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த மாலையில்கூட இரண்டு பூ வாடியிருந்ததைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாதம் முன்னறை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு "ம்" என்றார். போட்டதைச் சாப்பிட்டார். உப்பில்லாத குழம்பைக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தபோது மனைவி பயந்துபோனாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் குழம்புக்குக் குறை சொல்லாத நாள் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கைப்பிடி கழன்றது. அவர் எழுந்தார். கடைத்தெரு முனையில் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் பெரிய கடைக்குப் போய் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கிவந்து முறுக்கினார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல வருஷங்களுக்கு முன் ஒரே நாளில் நானூறு பம்புகளைத் திருப்பி அனுப்பிய கதையை முழுவதும் சொன்னார். மனைவி அதை முதல் தடவை கேட்பவளைப் போலக் கேட்டாள்.

மறுநாள் காலை கைப்பிடி ஆடியது. அதற்கு மறுநாளும் ஆடியது.

அவர் முறைப்படி யோசித்தார். ஸ்க்ரூ கழல்கிறது என்றால் குற்றம் ஸ்க்ரூவிலோ, மரத்திலோ, கருவியிலோ, கையிலோ இருக்க வேண்டும். கையைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிட்டார். பூதக்கண்ணாடி எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆராய்ந்தார்.

"பார்த்தியா? முனை தேஞ்சிருக்கு. பதம் போடாத இரும்பு. இதை வச்சு முறுக்கினா முறுக்கின மாதிரி இருக்கும், முறுக்கியிருக்காது."

"அப்படியா," என்றாள் மனைவி மிகுந்த மரியாதையோடு.

பழைய அலுவலக நோட்டில் முதல் அறிக்கை எழுதப்பட்டது. அதோடு அவர் கடைக்குப் போனார். பொருள் மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் இருந்த பெண் அறிக்கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், பில் இருந்தாலே போதும். இதெல்லாம் வேண்டாம்."

"இருக்கட்டும். கோப்புல வை."

அவளிடம் கோப்பு கிடையாது. இருந்தாலும் ஒரு கிளிப்பில் செருகி வைத்தாள். அந்தப் பெண்ணிடம் அவருக்கு உடனே மதிப்பு வந்துவிட்டது.

மாற்றி வாங்கிய ஸ்க்ரூடிரைவரும் தோற்றது. எனவே நீளமான ஸ்க்ரூ போட்டார். அது கதவைத் துளைத்து உள்ளே முனை நீட்டிச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தது. அரை மணி நேரத்தில் எறும்புகள் வந்தன. நீண்ட முனையை மடக்கலாமென்று அதே கடையில் சுத்தியல் வாங்கினார். ஓங்கியதும் சுத்தியலின் தலை காம்பை விட்டுப் புறப்பட்டு, ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே போனது.

தெருவில் இறங்கித் தலையைத் தேடி எடுத்துவந்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"காம்புல ஆப்பே வைக்கல. பசை போட்டு ஒட்டியிருக்கான்."

"யாருக்கும் அடிபடலையே?"

"அதை அறிக்கையில எழுதிட்டேன்."

வேறொரு மனைவியாக இருந்தால் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இவள் கண்ணாடிச் சில்லைப் பெருக்கி அள்ளிவிட்டு, உடைந்த ஜன்னலில் அட்டையைச் செருகிவிட்டு, "நாளைக்கு என்ன செய்யறதா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் அவர் டிரில்லிங் மெஷின் வாங்கினார். புது இடத்தில் புது ஓட்டை போடுவது திட்டம். மெஷினின் முனை வட்டமாகச் சுற்றவில்லை, மாவாட்டுவதைப் போல ஆடியது. புகை வந்தது. புகை அடங்கியபோது கதவில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதன் வழியாக உள்ளே இருந்த உப்பு டப்பா தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் கருவிகளை அவர் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். சோதனைக்குட்பட்ட பொருளில் வேறு யார் கையும் படக்கூடாது. அதனால் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நடக்கப் போகும்போதும் சாவி கூடவே போனது.

ஐந்தாவது அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. தச்சு வேலை செய்பவன். கதவைப் பார்த்தான். கைப்பிடியை அசைத்தான். ஸ்க்ரூவின் தலையை நகத்தால் தடவினான்.

"மாமா, இது தானா கழல்ற ஸ்க்ரூ…"

"டேய்," என்றாள் அக்கா, "உனக்கு நேரமாகலையா?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள்.

"ஸ்க்ரூவுக்கு என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல மாமா. நானும் இப்படி ஒரு ஸ்க்ரூவைப் பார்த்ததில்ல."

தொழில் தெரிந்தவனே கைவிரித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் அன்று சாயங்காலம் இறுதி முடிவுக்கு வந்தார். ஸ்க்ரூ வேண்டாம். இருக்கிற ஓட்டையில் போல்ட். இந்தப் பக்கம் வாஷர், அந்தப் பக்கம் வாஷர், நட்டு. அதே கடையின் ஸ்பேனரால் முகம் சிவக்க முறுக்கினார். மனைவி டார்ச் பிடித்தாள்.

"இனிமே இது கழன்றா," என்றார் மூச்சு வாங்க, "நான் முப்பத்தோரு வருஷம் பார்த்தது வேலையே இல்ல."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றாள் மனைவி. டார்ச்சை அணைக்காமல் நட்டையே பார்த்தாள்.

மறுநாள் காலை நடந்துவிட்டு வந்து பார்த்தார். கைப்பிடி அசையவில்லை. பிடித்து இழுத்தார், தொங்கினார், அசையவில்லை.

ஜெயித்துவிட்டார். நோட்டை மூடி வைத்தார். பிறகு முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

பத்து மணிக்கு மனைவி எட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு "ம்" என்றார். நாலு மணிக்கும் அதே சுவர்.

"சோப்பு தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போனாள்.

அடுத்த நாள் காலை கைப்பிடி ஆடியது. நட்டு நாலு சுற்று கழன்றிருந்தது.

அவர் நட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பம்புகள் நினைவுக்கு வந்தன. இவர் கையெழுத்தை நம்பி எத்தனை கிணற்றில் இறக்கினார்களோ. அவையெல்லாம் ஓடுகின்றனவா, அல்லது இந்தக் கைப்பிடியைப் போலத்தானா?

"ஒரு வாய் டீ குடிச்சுட்டு நிதானமா பாருங்களேன்," என்றாள் மனைவி, கையைப் பிசைந்துகொண்டு.

"பார்க்க ஒண்ணுமில்ல."

ஆறாவது அறிக்கையை எழுதி முடித்தார். எல்லாக் கருவியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கவுண்டரில் அதே பெண். ஸ்க்ரூடிரைவர், தலையும் காம்பும் தனித்தனியாகச் சுத்தியல், கரிந்த வாசனையோடு மெஷின், ஸ்பேனர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். மேலே அறிக்கையை வைத்தார்.

அவள் வாய்விட்டே படித்தாள்.

"'இந்தக் கடையின் எந்தக் கருவியும் ஒரு கைப்பிடியை நிறுத்தும் தரம் உடையதல்ல. அல்லது, சோதித்தவருக்குத் தரம் பார்க்கத் தெரியாது. இரண்டாவதே உண்மையென்று தோன்றுகிறது.'"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"சார், இப்படி எழுதாதீங்க. சுத்தியல் மோசம், ஒத்துக்கறேன். மெஷின் அதைவிட மோசம். நீங்க சொன்னதுக்கப்புறம் ரெண்டையும் அலமாரியிலேர்ந்து எடுத்துட்டோம். மேனேஜர் உங்க அறிக்கை எல்லாத்தையும் படிச்சாரு."

"படிச்சாரா?"

"நாலாவதை ரெண்டு தடவை படிச்சாரு. ஆனா ஸ்க்ரூடிரைவர் மட்டும் நல்லதுதான் சார். ஒரு அம்மா அதே செட்டை வாங்கிட்டுப் போய் தினமும் காலையில ஒரே ஸ்க்ரூவைக் கழட்டறாங்களாம். முனை துளிகூடத் தேயலையாம்."

"தினமும் ஏன் கழட்டணும்?"

அவள் ஸ்பேனரைப் புரட்டிப் பார்த்தபடி சொன்னாள்.

"அவங்க வீட்டுக்காரர் வேலையில்லாம சுவரைப் பார்த்து உக்காந்தா அவங்களுக்குத் தாங்கலையாம் சார்; நேத்து சாயங்காலம் வந்து இதே ஸ்பேனர் கேட்டாங்க, அவர் போல்ட்டுக்கு மாறிட்டாராம்."