அம்மோனியத்தின் அம்பு

"அம்பு எங்க மாப்பிள்ளை?"

சாப்பாட்டு மேசை நடுவில் அம்மோனியம் அயனி நின்றது. நீலம் பூசிய தெர்மாகோல் பந்து நைட்ரஜன். அதில் குத்திய நான்கு குச்சிகளின் முனையில் நான்கு வெள்ளைப் பந்துகள், ஹைட்ரஜன். மறுநாள் பள்ளிக் கண்காட்சிக்காக மருமகன் செய்தது. மாமனாரும் வேதியியல் ஆசிரியர்தான். ஓய்வு பெற்றும் முதுகு வளையாதவர். நான்கு குச்சிகளும் ஒரே மாதிரி இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்று ஹைட்ரஜன்கள் ஆளுக்கொரு எலக்ட்ரானைக் கொண்டுவந்து நைட்ரஜனோடு பங்கு வைத்தவை. நான்காவது வெறுங்கையோடு வந்தது. அந்தப் பிணைப்புக்கு இரண்டு எலக்ட்ரானையும் நைட்ரஜனே கொடுத்தது. ஈதல் சகப்பிணைப்பு. கொடுத்தவர் யாரென்று அம்பு போட்டுக் காட்டுவதல்லவா முறை? கொடுத்த கையை மறைப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

"பிணைப்பு உண்டான பிறகு நாலும் ஒண்ணுதான் மாமா. எது கடைசியா வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"வந்தவனுக்குத் தெரியும்ல?"

மருமகன் தலை குனிந்தான். கல்யாணம் முடிந்து ஒற்றைப் பெட்டியோடு இந்த வீட்டில் குடியேறியவன். போன வாரம் வாசலில் மாமனார் பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலேயே தன் பலகையையும் மாட்டியிருந்தான், ஒரு வார்த்தை கேட்காமல். அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, மகளின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து அவரே குச்சியில் அம்பு வரைந்தார்.

அது வழிந்து நைட்ரஜனில் இறங்கியது. துடைத்தார், பரவியது. ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தார். அதிலுள்ள அசிட்டோன் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவருக்குக் கோபத்தில் அது மறந்துபோனது. நைட்ரஜன் சுருங்கிக் கூழாகி, ஹைட்ரஜன்கள் மேசையில் ஆளுக்கொரு பக்கம் உருண்டன.

மகள் வந்து பார்த்தாள். நேராக உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

ஒரே மகள். சமாதானம் சொல்லத்தான் போனார். வாய் வேறொன்றைச் சொன்னது.

"தாராளமா போங்க. இத்தனை நாள் யார் வீட்டு நிழல்ல இருந்தீங்கங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க."

அதுவரை சமையலறையை விட்டு வெளியே வராத அவர் மனைவி வந்து, மருமகன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இது எங்கப்பா எனக்குக் கொடுத்த வீடு. நீங்களும் ஒத்தப் பெட்டியோடதான் வந்தீங்க. நான் என்னைக்காவது அம்பு போட்டேனா?"