முப்பத்தொரு சண்டை, பூஜ்யம் அடி

மனித அறிவின் உச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நெப்ராஸ்காவின் எல்க் பிளஃப் ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள்: "முள்ளம்பன்றிகள்" பேஸ்பால் அணியின் புள்ளிவிவரத் துறை! ஓர் ஆட்டத்தில் யார் எத்தனை சூரியகாந்தி விதை துப்பினார் என்பதுவரை அங்கே ஒரு பெரிய புத்தகத்தில் கணக்கு உண்டு.

டெல்மர் ஹ்ருஷ்காவுக்கு மட்டும் அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. மைதானத்தின் கடைக்கோடியில், எறிவாளர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ளும் கம்பிவேலிப் பட்டியில், அவர்கள் எறிவதைப் பிடித்துக்கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருடமாகப் பிடிக்கிறார். விரல்கள் இஞ்சிக் கிழங்காகிவிட்டன. ஒரே ஒரு தடவை மட்டையோடு களத்தில் நிற்க வேண்டும், புத்தகத்தில் பெயர் ஏற வேண்டும். அந்த ஒன்றுக்காக மனிதர் ஏங்கிக் கிடந்தார்.

பேஸ்பாலில் ஒரு புனித மரபு உண்டு. மட்டையாளர் மேல் பந்து பட்டால் இரண்டு அணிகளும் சண்டைக்காகக் களத்துக்குள் பாய வேண்டும். பட்டிக்காரர்களும் நானூறு அடி ஓடி வர வேண்டும், உட்கார்ந்திருப்பவன் துரோகி. அவர்கள் வந்து சேரும்போது சண்டை முடிந்திருக்கும். எதிரணிப் பட்டிக்காரர்களோடு மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பி நடப்பார்கள். டெல்மர் இப்படி முப்பத்தொரு முறை ஓடியிருக்கிறார்.

துறைத் தலைவர் டாக்டர் பிளங்கெட் இதைக் கண்டுபிடித்த அன்று அவசரக் கூட்டம் கூடியது.

"முப்பத்தொரு சண்டை. தோல்வி பூஜ்யம். வாங்கின அடி பூஜ்யம்! எம்.எம்.ஏ. கூண்டுச் சண்டையில எவனுக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாதுய்யா!"

"டாக்டர், நான் யாரையும் தொட்டதே இல்லீங்களே," என்றார் டெல்மர்.

"அந்த அடக்கம்தான் வீரனுக்கு அழகு."

"கொடுத்த அடி" என்ற பத்தியை, இடமில்லாததால் அறிக்கையில் விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு பிற்பகல் மைதான நடுவில் கூண்டு எழுந்தது. எதிராளி ரஸ்டி கோபல், நிஜமான கூண்டுச் சண்டைக்காரர். டெல்மர் மறுத்துப் பார்த்தார். "சண்டை போட்டா மட்டை தர்றேன்," என்றார் டாக்டர். அதற்குமேல் டெல்மர் ஏன் மறுக்கப்போகிறார்?

கோபல் போட்டிக்கான எடைக்கு இறங்க இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. எடை பார்த்த கையோடு, ஜூன் மாத வெயிலில், கூண்டில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். டெல்மர் பட்டியிலிருந்து கிளம்பினார். பதினோரு வருடப் பழக்கம், சண்டை முடிந்தபின் போய்ச் சேரும் அந்த நிதானத்துக்குக் கால் தானாகப் போய்விட்டது. வழியில் இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள். அவர் கூண்டுக்குள் நுழையவும் கோபல் கண் செருகிச் சாயவும் சரியாக இருந்தது. தலை தரையில் மோதுவதற்குள் டெல்மர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். பிடிப்பதுதானே அவருக்குத் தெரிந்த வேலை!

"தண்ணி... அண்ணே..."

"இந்தா, மெதுவாக் குடிடா தம்பி."

முப்பத்திரண்டு, பூஜ்யம் என்று அறிக்கையைத் திருத்தினார்கள். கூட்டம் வானம் பிளக்கக் கத்தியது. "பிடித்தார்" என்பதற்குப் பத்தி இல்லாததால் அதை யாரும் எழுதவில்லை.

மறுநாள் டெல்மர் மட்டை கேட்டுப் போனார். டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார்.

"நீங்க இதுவரைக்கும் எத்தனை தடவை மட்டை பிடிச்சிருக்கீங்க?"

"ஒரு தடவையும் இல்ல."

"பாத்தீங்களா! எந்த தைரியத்துல உங்கள இறக்குறது?"

"நான் ஒரு சண்டையும் போட்டதில்ல. அதுக்கு மட்டும் எப்படி தைரியம் வந்துச்சு?"

"அதுக்குத்தான் புள்ளிவிவரம் இருக்கேய்யா!"

டெல்மர் பட்டிக்குத் திரும்பினார். அன்றைய ஆட்டத்தில் முள்ளம்பன்றிகளின் மட்டையாளர் முதுகில் பந்து பட்டது. எல்லாரும் ஓடினார்கள்.

"அண்ணே, வாங்க!" என்று கத்தினான் ஓர் எறிவாளன்.

டெல்மர் உட்கார்ந்தே இருந்தார், விதை கொறித்துக்கொண்டு.

அன்று மாலையே அவர் பெயர் புத்தகத்தில் ஏறியது: "ஹ்ருஷ்கா, டெல்மர். சண்டைக்கு வரவில்லை. தோல்வி: ஒன்று." பதினோரு வருடம் ஒரு மனிதர் பிடித்ததை எண்ணத் தெரியாத துறை, அவர் ஒரு நிமிடம் சும்மா இருந்ததைத் துல்லியமாக எண்ணிவிட்டது.