வைரக்கண்ணு மாடல்

சிறுவாய்க்கரை வைரக்கண்ணுவுக்கு ஒரு சிப் புரோகிராமர் தேவைப்பட்டது. இது குற்றமல்ல. குடிமக்கள் எவரும் சொந்தச் செலவில், சொந்த வீட்டில், பிறருக்கு இடையூறின்றி ஒரு சிப் புரோகிராமரை வைத்துக்கொள்ளலாம். 'சொந்தச் செலவில்' என்ற இடத்தில்தான் வைரக்கண்ணு வழுக்கி விழுந்தார்.

குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓடி ஓடிக் களைத்துத் தரையோடு தரையாகிவிடும் இடத்தில் இருக்கிறது சிறுவாய்க்கரை. சுத்தமான கடைமடை. வைரக்கண்ணுவுக்கு அங்கே கொஞ்சம் நெல் வயல். சார்ஜாவில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் நகையும் கம்பளியுமாகத் திரும்ப, அவர் ஒரு சால்டரிங் அயர்னோடும் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியத்தோடும் வந்து இறங்கினார்.

முதலில், மாடு படுத்தால் கொட்டகை விளக்கு தானே அணையும்படி ஒன்று செய்தார். மாடு படுத்தது, விளக்கு அணைந்தது. திடீர் இருட்டில் மிரண்டு மாடு எழுந்தது, விளக்கு எரிந்தது. வெளிச்சம் வந்த நிம்மதியில் மாடு மறுபடி படுத்தது. ஒரு வாரத்தில் மாட்டின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, பால் பாதியானது. அடுத்து, குக்கர் விசிலை எண்ணி அடுப்பை அணைக்கும் கருவி. அது நடுநிலையான கருவி. பக்கத்து வீட்டு விசில்களையும் பாரபட்சமின்றி எண்ணியது. அவர் மனைவி செந்தாமரை நான்கு நாள் அரைவேக்காட்டுச் சோற்றைப் பொறுத்துக்கொண்டு, ஐந்தாம் நாள் அறிவியலை அடுக்களையிலிருந்து வெளியேற்றினாள்.

மூன்றாவது யோசனைதான் உருப்படியானது. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடப்படும். இன்று நம் முறை என்பது தண்ணீருக்கு மட்டுமே தெரியும். அது எந்த நேரத்திலாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆளைக் காணோமே என்று வடிகாலுக்குப் போய்விடும். வாய்க்காலில் இரண்டு கம்பியை நட்டு, தண்ணீர் அவற்றைத் தொட்டதும் போனில் மணி அடிக்க வைத்தால் என்ன? ஊர் முதன்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தது. செந்தாமரைகூட, "இது ஒண்ணு நல்லாருக்குங்க" என்றாள்.

சிப் என்பது நகத்தளவு கம்ப்யூட்டர். கடையிலிருந்து வரும்போது அதன் தலைக்குள் ஒன்றும் இருக்காது. செய்ய வேண்டியதை லேப்டாப்பில் எழுதி, சிப்புக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் புரோகிராமர்.

தஞ்சாவூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கூத்தாநல்லூர் ஹாஜா மைதீன் மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்தார். முதலாவது மலிவு. அதோடு வருவது டெமோ சாஃப்ட்வேர். அதில் ஒரே ஒரு மாதிரிப் புரோகிராம்தான் உண்டு, விளக்கை மினுக்குவது. நம்முடையதை ஏற்ற வேண்டுமானால் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது, வைரக்கண்ணு வைத்திருந்த சிப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துவது. மூன்றாவது, உலகத்துச் சிப்புக்கெல்லாம் எழுதும். தோல் பை வேறு உண்டு.

"நடுவுல உள்ளதை எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. சாயங்காலமே வேலை முடிஞ்சிடும்" என்றார் பாய்.

இந்த வரலாற்றில் வழங்கப்பட்ட ஆலோசனைகளில் இது ஒன்றுதான் சுருக்கமானது. ஆகவே ஏற்கப்படவில்லை. வைரக்கண்ணுவின் கை பர்ஸுக்குப் போன அதே நேரத்தில் அவர் கண் சுவரொட்டிக்குப் போய்விட்டது. ஊரகப் பொழுதுபோக்குப் புத்தாக்க முகமை, ஆர்வமுள்ள குடிமக்களுக்கு விலையில்லாக் கருவிகளை வழங்குகிறதாம். 'விலையில்லா' என்ற சொல்லைப் படித்த பிறகு விலை கொடுக்க நம்மில் யாருக்குத்தான் மனம் வரும்? பர்ஸ் பழைய இடத்துக்குப் போயிற்று.

முகமை அலுவலகத்தில் நாற்காலிகள் கிடையாது. புது மாதிரி அலுவலகமாம். தரையில் மெத்தைமூட்டைகள் போட்டிருந்தார்கள். உதவி இயக்குநர் ராஜ்குமார், தாடியை அளவெடுத்துச் செதுக்கிய இளைஞர், இங்கே எல்லோரும் சமம் என்று சொல்லி வைரக்கண்ணுவை ஒரு மூட்டையில் உட்காரச் சொன்னார். வைரக்கண்ணு உட்கார்ந்தார், அமிழ்ந்தார், முழங்கால்கள் காதுகளுக்கு மேலே போய் நின்றன. ராஜ்குமார் தமக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்து திட்டத்தைக் கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் மணி என்று சொல்லாதீர்கள், 'ஸ்மார்ட் சொல்யூஷன்' என்று சொல்லுங்கள் என்றார். ஈகோசிஸ்டம் என்று மூன்று முறை சொன்னார். மூட்டையிலிருந்து வைரக்கண்ணுவை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கோப்பு கண்காணிப்பாளர் அகிலாண்டத்திடம் போயிற்று. அந்த அம்மாள் மெத்தைமூட்டையை ஒப்புக்கொள்ளாதவர். இரும்பு மேசையும் மரநாற்காலியுமாகப் பழைய அரசாங்கத்தின் கடைசிக் கோட்டை போல ஒரு மூலையில் இருந்தார். பதினைந்து நாள் கழித்து வைரக்கண்ணுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"புரோகிராமர் கேட்டிருக்கீங்க. புது ஆள் எடுக்கத் தடை இருக்கே."

"ஆள் இல்லைங்கம்மா, பெட்டி."

"பெட்டி என்ன பண்ணும்?"

"சிப்புல எழுதுங்க."

அகிலாண்டத்தின் முகம் மலர்ந்தது. "எழுதுதா? அப்ப எழுதுபொருள். பென்சில், ரப்பர், புரோகிராமர். அந்தத் தலைப்புல நிதி இருக்கு."

வைரக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். அவசரப்பட்டுவிட்டார். எழுதுபொருள் என்றால் ஆகக் குறைந்த விலையுள்ளதைத்தான் வாங்க வேண்டும். நல்ல பென்சில், நடுத்தரப் பென்சில் என்று பேசத் தொடங்கினால் அரசாங்கம் எங்கே போய் நிற்கும் என்று அகிலாண்டம் கேட்டார். ஆக, மலிவுப் பெட்டிதான். அதில் விளக்கு மட்டும்தான் மினுக்கும், லைசென்ஸும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள் என்று வைரக்கண்ணு மன்றாடினார். லைசென்ஸைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டார் அந்த அம்மாள். முடியாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை எழுதுபொருளில் எப்படிச் சேர்ப்பது?

"அப்ப மணி அடிக்காதேம்மா."

"மணி அடிக்கலைன்னா விளக்கு மினுக்குங்க. பெட்டிக்கு எது வருதோ அதைத்தானே செய்யணும்?"

அன்றைக்கே திரும்பிவந்து நடுப்பெட்டியை வாங்கியிருக்கலாம். செந்தாமரை அதைத்தான் சொன்னாள். ஆனால் அத்தனை தடவை பஸ் ஏறி, அத்தனை தடவை மூட்டையில் அமிழ்ந்து எழுந்தவருக்கு வெறுங்கையோடு விலக மானம் இடம் தரவில்லை. கருவிக்கேற்பத் திட்டம் திருத்தியமைக்கப்படுவதில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பெட்டி வந்தது. மினுக்கும் புரோகிராம் சிப்பில் ஏறியது. ஊர் வாய்க்காலில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் பச்சை விளக்கைப் பொருத்தி, முகமை அதற்கு முத்திரையும் வைத்தது.

திறப்பு விழாவில் ராஜ்குமார் ஒலிபெருக்கியில் விளக்கினார். தண்ணீர் வந்தால் இந்த விளக்கு மினுக்கும். கூட்டம் வாய்க்காலைப் பார்த்தது. அதில் ஒரு ஆடு படுத்திருந்தது. பிறகு விளக்கைப் பார்த்தது. மினுக்கிக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு கூச்சத்தோடு ராஜ்குமாரின் காதருகே போய், சார், தண்ணீர் வராவிட்டாலும் இது மினுக்கும் என்றார்.

"அதுதாங்க இதோட நம்பகத்தன்மை" என்றார் ராஜ்குமார். "தண்ணி வந்தாத்தான் மினுக்கும்னா, தண்ணியை நம்பி இருக்கணும். இது யாரையும் நம்பி இல்லை."

அதற்குள் ஒரு பொன்னாடை வைரக்கண்ணுவின் தோளில் விழுந்துவிட்டது. சொல்ல வந்த மீதியை அவர் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்திக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், அது தொண்டையையும் கொஞ்சம் சேர்த்தே மூடுகிறது.

தினமும் காலையில் முகமை ஊழியர் ஒருவர் வந்து விளக்கைப் படம் பிடித்து அனுப்புவார். தலைமையகத்தின் பெரிய திரையில் சிறுவாய்க்கரை ஒரு பச்சைப் புள்ளியாகச் சிரிக்கும். கடைமடைக்கு நூறு சதவீதம் நீர் சென்றடைந்த ஒரே ஊர் என்று மாநில அளவில் பாராட்டும் விருதும் வந்தன. இங்கே நாற்றங்கால் வெடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர் மருதையன் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார். பச்சைப் புள்ளியைக் காட்டி, தண்ணீர் உள்ளவர்களே பேராசைப்பட்டால் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்கு அறிவுரை கூறி அனுப்பினார்கள்.

மருதையன் திரும்பிவந்து வைரக்கண்ணு வீட்டு வாசலில் நின்றார். திட்டவில்லை. "நாத்து கருகுது வைரக்கண்ணு, உன் விளக்கு மட்டும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முதல் பஸ்ஸில் வைரக்கண்ணு தஞ்சாவூருக்கு ஓடினார். சொந்தக் காசில் நடுப்பெட்டியை வாங்கி, அந்தச் சனியன் பிடித்த விளக்குக்குப் பக்கத்திலேயே அசல் மணியைக் கட்டிவிடுவது என்று தீர்மானம்.

ஹாஜா மைதீன் கடை வாசலில் வரிசை நின்றது. மேலே புதிதாக ஒரு பலகை: 'அரசு விருது பெற்ற வைரக்கண்ணு மாடல் இங்கே கிடைக்கும்.'

"நடுப்பெட்டியா? அதை யாரு கேக்குறாங்க தம்பி? தோல் பை பெட்டியையும் சேர்த்துக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் பாய், பில் போட்டபடியே. "திருப்பனந்தாள் வரைக்கும் ஆளுங்க வந்து உங்க மாடலைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. வேற எதைக் காட்டினாலும், இதுக்கு என்ன விருது கெடைச்சுதுன்னு கேக்குறாங்க."

வரிசையில் நின்ற ஒருவர் வைரக்கண்ணுவை அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார். வைரக்கண்ணு, வெட்கத்தோடுதான் என்றாலும், சிரித்தார்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் விளக்கின் காலம். விளக்குள்ள ஊருக்கு அதிகாரிகள் பார்வையிட வருவார்கள், அவர்கள் வருவதற்காகச் சாலை போடுவார்கள் என்று பரவிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், விளக்கை உடனே கொடு என்பது அவர்கள் கோரிக்கை. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை பெயருக்கு மேலே பச்சை விளக்கு மினுக்கியது. ஆழ்துளைக் கிணற்றில் மினுக்கியது, நீரில்லாக் குளத்தில் மினுக்கியது. டெல்டா முழுவதும் தலைமையகத்துத் திரையில் பச்சைப் பசேலென்று விளைந்து நின்றது.

இப்படியிருக்க, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. தண்ணீர் வந்தது.

மேற்கே நல்ல மழை. மேல்மதகை யாரோ திறந்துவிட, சிறுவாய்க்கரை வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. மிச்சமிருந்த நாற்று தலை தூக்கியது. அதே நாளில், அதுவரை ஓய்வின்றி உழைத்த பேட்டரி தீர்ந்து, விளக்கு அணைந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. தலைமையகம் கவனித்தது. பச்சைப் புள்ளி சிவப்பானது. நேரில் ஆய்ந்து அறிக்கை அனுப்பும்படி உத்தரவாகி, அகிலாண்டம் ஜீப்பில் வந்து இறங்கினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பத்தடியில் முழங்கால் தண்ணீரில் நின்று, கையிலிருந்த உத்தரவை வாசித்தார். மேற்படி வாய்க்காலில் நீர் வரவில்லை. வராத நீரை மேற்படி கிராமத்தார் வயலில் பாய்ச்சியிருப்பது முறைகேடு. இன்று மாலைக்குள் நீர் வந்து சேர்ந்ததாகப் பதிவாகாவிட்டால், வீணாவதைத் தடுக்க மேல்மதகு மூடப்படும்.

ஊர் அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. மதகை மூடினால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் அந்த வருடமே இல்லை.

"அம்மா, நீங்களே தண்ணியிலதானே நிக்கிறீங்க" என்றார் மருதையன்.

"நான் நிக்கிறது எனக்குத் தெரியுதுங்க. ஆனா நான் பச்சைப் புள்ளி இல்லையே" என்றார் அகிலாண்டம். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

பேட்டரியை மாற்றலாமா என்று வைரக்கண்ணு கேட்டார். மாற்றலாம், அது பராமரிப்பு, மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும், முத்திரையை உடைக்க அனுமதி தனி. எத்தனை நாளாகும்? அறுவடைக்குள் ஆகிவிடும் என்று நம்புவதாக அகிலாண்டம் சொன்னார்.

செந்தாமரை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், டார்ச் லைட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து புருஷன் கையில் திணித்தாள். வைரக்கண்ணு அகிலாண்டத்தைப் பார்த்தார். அகிலாண்டம் எதிர்த் திசையில் இரண்டு கொக்குகளைப் பார்த்தார். அந்தக் கொக்குகளை அவ்வளவு நேரம் ஒரு அரசு ஊழியர் பார்த்தது அதுவே முதல்தடவையாக இருக்க வேண்டும்.

வைரக்கண்ணு கம்பத்தில் ஏறினார். முத்திரை உடைந்தது. மூடியைத் திறந்து, பேட்டரியை மாட்டி, மூடினார். கீழே மொத்த ஊரும் முழங்கால் தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தது. விளக்கு ஒருமுறை சிணுங்கியது. பிறகு பச்சையாக மினுக்கியது.

"தண்ணி வந்துடுச்சுங்க" என்றார் மருதையன்.

அகிலாண்டம் படம் பிடித்து அனுப்பினார். கூட்டம் கைதட்டியது. செந்தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்பத்திலிருந்து இறங்கிய வைரக்கண்ணுவும் மற்ற ஆண்களும், காலடியில் தண்ணீர் ஓடுகிறதே, நனைந்துவிடப் போகிறதே என்று, அதற்குப் பிறகுதான் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.